எடைக்கல் இளைத்த ஆண்டு

அன்று பிற்பகல் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மூத்தவள்; அவளுடைய கணவர், தையற்காரர்; அவளுடைய தம்பி, வீட்டில் எல்லோருக்கும் அவன் இளையவன்தான்; இளையவனின் மனைவி, நகரப் பேருந்து ஓட்டுபவள், வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்தவள்; ஐந்தாவதாக, வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்தமாக வாங்கி விற்கும் கிடங்குக்காரர். அவர் வெளியாள். குடும்ப விஷயம் பேசும்போது வெளியாளை உட்கார வைத்திருக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் வந்தவர் புகாரோடு வந்திருந்தார். புகாரோடு வந்தவரைப் பாதியில் எழுப்பி அனுப்பும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை.

அது தராசு பழுதுபார்க்கும் பட்டறை. முன்னறையில் நீள மேசை, அதன்மேல் கடைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட சிறு தராசுகள் வயிறு திறந்து கிடந்தன. பின்னறைச் சுவரோரம் இரும்புக் கற்கள், ஒவ்வொன்றும் இருபது கிலோ, கைப்பிடிகள் மட்டும் தேய்ந்து பளபளத்தன. தகப்பனாரிடமிருந்து அக்காளுக்கும் தம்பிக்கும் வந்த தொழில். இவர்கள் சரிபார்த்துக் கொடுத்த தராசை யாரும் இன்னொரு தராசில் சோதித்துப் பார்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்வதல்ல, அப்படித்தான் இருந்தது, அந்தப் பிற்பகல் வரையில்.

“தராசுக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க,” என்று கிடங்குக்காரர் தொடங்கினார். கோபித்துக்கொள்ளக் கூடிய செய்திதான் வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “நீங்க வந்து சரிபண்ணிட்டுப் போனதுலேருந்து என் தராசு எடையைக் கூட்டிக் காட்டுது. லாரியில வர்ற சரக்கு என் தராசுல ஒரு டன்னு. அதே மூட்டையை நான் வெளியூருக்கு அனுப்பினா அங்க அறுபது கிலோ குறையுது. வழியில வெங்காயம் ஆவியாப் போகுதா?”

இளையவன் எழுந்துவிட்டான். “அவங்க தராசு கெட்டுப் போயிருக்கும்.”

“மூணு இடத்துல பாத்துட்டேன் தம்பி.”

“மூணும் கெட்டுப் போயிருக்கும்.”

“ஊர் உலகத்துல எல்லாத் தராசும் கெட்டுப் போச்சு, நீ தொட்டது மட்டும் நல்லாருக்கு?” என்றாள் அவன் மனைவி, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி.

“நீ யார் பக்கம்டி?”

“நான் வெங்காயம் பக்கம்.”

வழக்கமாக இப்படி ஒரு புகார் வந்தால் முதல் குரல் மூத்தவளுடையதாகத்தான் இருக்கும். முதுகை நிமிர்த்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வந்தவரை நாற்காலியோடு சேர்த்து அளந்துவிடுவாள். இன்று அவள் தன் சாம்பல் நிற வேலைக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் என்ன நடந்தது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்திருந்தது.

அது புரியவேண்டுமானால் அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய மேடைத் தராசைச் சோதிப்பதென்றால் இரும்புக் கற்களை வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, மேடையில் அடுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. ஆனால் மூத்தவளின் எடை நூற்றுநான்கு கிலோ. நடுவயதில் அந்த எண்ணில் வந்து உட்கார்ந்தவள் அதன்பிறகு நகரவில்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்தாலும் நூற்றுநான்கு, விருந்துக்குப் போய் வந்தாலும் நூற்றுநான்கு. மாதப் பிறப்பன்று பட்டறையின் நல்ல தராசில் ஏறி நிற்பாள். இளையவன் எண்ணைப் படிப்பான். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அப்புறம் அந்த மாதம் முழுக்க, போகிற இடமெல்லாம் முதலில் அவள்தான் மேடையேறுவாள். நூற்றுநான்கு காட்டினால் இரும்புக் கற்களுக்கு விடுமுறை. காட்டாவிட்டால்தான் அவை வண்டியைவிட்டு இறங்கும்.

வாடிக்கையாளர்கள் அவளை எடைக்கல் அக்கா என்றார்கள். கணவர் அதைச் சுருக்கிக் கல்லு என்று கூப்பிட்டார். வேறு பெண்ணாயிருந்தால் கூப்பிட்டவர் வாயில் பல் இருந்திருக்காது. இவள் அதை ஒரு பட்டம்போலத் தாங்கிக்கொண்டாள். “என் எடை ஊருக்கே தெரியும். மறைக்கிறவங்கதானே வெக்கப்படணும்?” என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் போன ஆண்டின் கடைசியில் முழங்காலைக் காட்டப் போன இடத்தில், டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, பேனா வடிவில் வரும், வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசியை வாங்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் மட்டுமல்ல, இரத்தத்தில் சர்க்கரையும் எல்லையைத் தொட்டுவிட்டிருந்தது. வாங்கியவள் அதைக் குளிர்பெட்டியில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்தாள். கணவரைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அவளுக்கு ஊசியைக் கண்டால் கை நடுங்கும். ஆகவே போடுவது அவர் வேலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அவரைத் திட்டுவாள். திட்டு முடிவதற்குள் அவர் முடித்துவிடுவார். தையற்காரருக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா?

ஏன் ஒளித்தாள் என்றால், வாய்தான் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அடுத்த தெருப் பேக்கரிக்காரி இதே ஊசியைப் போட்டு இளைத்தபோது, “வாயைக் கட்டத் தெரியாதவங்க ஊசியைக் கட்டிக்கிட்டு அழறாங்க,” என்று நாலு பேர் நடுவில் சொன்னவள் இவள். சொன்ன வார்த்தையை விழுங்குவது நூற்றுநான்கு கிலோவைத் தூக்குவதைவிடக் கடினம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ரகசியமாகக் கொஞ்சம் குறைந்து, ரகசியமாக நிறுத்திவிட்டு, புதிய எண்ணில் போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது அவள் கணக்கு. அதுவரையில் மாதப் பிறப்பன்று, “காலையிலேயே ஏறிப் பாத்துட்டேன்டா, அதேதான்,” என்று சொல்லிவந்தாள். முழங்கால் வலிக்கிறதென்று சொல்லி, போகிற இடத்தில் மேடையேறாமல் கற்களை இறக்க வைத்தாள். இளையவன் முனகிக்கொண்டே இறக்கினான்.

ஆனால் அன்றைக்கு மழை. சரக்குத்தூக்கி வண்டி மேடைத் தராசின் மூலையில் இடித்துவிட்டதென்று கிடங்குக்காரர் அவசரமாகக் கூப்பிட்டிருந்தார். வாசலில் லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு நின்றன. மூத்தவள் அவரோடு பேசிக்கொண்டே, பேச்சுச் சுவாரசியத்தில், பழகின கால் பழகின இடத்துக்குப் போவதுபோல மேடையில் ஏறி நின்றுவிட்டாள். இளையவன் கீழே விளக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். “தொண்ணூத்தெட்டு காட்டுது. நல்லாவே இடிச்சிருக்கான்,” என்று அவன் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது, மண்டைக்குள் விழவில்லை. அவன் கற்களை இறக்கியிருக்க வேண்டும். மழையைப் பார்த்தான், லாரிகளைப் பார்த்தான், மேலே அசையாமல் நிற்கும் அக்காளைப் பார்த்தான். அவளையே கல்லாக வைத்துத் தராசை நூற்றுநான்குக்குத் திருப்பிவிட்டான்.

ஆக, தராசு சரியாகத்தான் இருந்தது. இளைத்தது கல்.

“டேய்,” என்றாள் மூத்தவள். “தராசு மேல குத்தமில்ல. நான் நூத்திநாலு இல்ல.”

இளையவன் சிரித்தான். “நீ நூத்திநாலு இல்லன்னா பின்ன யாரு?”

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள், கிடங்குக்காரர் உட்பட. செருப்பைக் கழற்றிவிட்டு நல்ல தராசில் ஏறி நின்றாள். இளையவன் குனிந்து பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அவளை இறங்கச் சொல்லிவிட்டு ஒரு இரும்புக் கல்லைத் தூக்கி வைத்தான். இருபது. இன்னொன்று. நாற்பது. கற்களை எடுத்துவிட்டு, “மறுபடி ஏறு,” என்றான்.

“எத்தனை தடவை ஏறினாலும் அதேதான்டா. தொண்ணூத்தாறு.”

“அக்கா, உனக்கு என்ன வியாதி?”

மூத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தலை நரைத்த ஆள். ஆனாலும் கீழுதடு சின்ன வயதில் பல் பிடுங்கப் போன அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது. தான் இளைத்தால் அவன் முதலில் இதைத்தான் நினைப்பான் என்று இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“வியாதி எதுவும் இல்லடா, பைத்தியம். ஊசி. எடை குறையற ஊசி. அந்த பேக்கரிக்காரி போட்டுக்கிட்டது.”

இளையவன் மூச்சு விட்டான். மூச்சு திரும்பி வந்தபோது கூடவே கோபத்தையும் அழைத்து வந்தது. “அப்ப மாசா மாசம் அதேதான் அதேதான்னு சொன்னியே!”

“சொன்னேன்.”

“என்கிட்டயே!”

“உன்கிட்டதான்டா சொல்ல முடியல.”

அவன் மனைவி கையைக் கட்டிக்கொண்டு மூத்தவளை மேலும் கீழும் பார்த்தாள். “எடையைக் குறைச்சுச் சொல்ற பொம்பளைங்களைப் பாத்திருக்கேன். நானே சொல்லியிருக்கேன். கூட்டிச் சொன்ன பொம்பளை உலகத்துலயே நீங்க ஒருத்திதான் அண்ணி. அதான் பாத்தேன், கோட்டுக்குள்ள இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போல இருக்கேன்னு.”

“அந்தக் கோட்டைத் தச்சது நான்தான்னு தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதம்மா,” என்றார் தையற்காரர். அதுவரையில் அவர் கதவோரம் நின்றிருந்தார். “பிடிச்சுத் தரேன் பிடிச்சுத் தரேன்னு கெஞ்சறேன், தொட விட மாட்டேங்கறா. பிடிச்சா மாப்ளைக்குத் தெரிஞ்சுடுமாம். தினம் காலையில இவ இதைப் போட்டுக்கிட்டு கிளம்பறப்ப நான் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

“மாமா, உங்களுக்கும் தெரியுமா?”

“ஊசி போடறதே நான்தான் மாப்ள.”

கிடங்குக்காரர் தொண்டையைச் செருமினார். “அம்மா, நான் வேணா அப்புறமா வரட்டுமா?”

“உட்காருங்க,” என்றாள் மூத்தவள். “உங்க தராசைக் கெடுத்தது இந்தக் குடும்பம். மழையோ வண்டியோ இல்ல. நான் பொய் சொன்னேன், இவன் கல்லை இறக்கல. இன்னைக்கே வந்து திருத்தித் தரோம், உங்களுக்கு ஆன நஷ்டம் எங்களோடது. அதை முதல்ல சொல்லிடறேன். மத்ததையும் கேட்டுட்டுப் போங்க. பாதி கேட்டுட்டுப் போனா மீதியை நீங்களே கட்டிக்குவீங்க.”

கிடங்குக்காரர் உட்கார்ந்தார். சொல்லப்போனால் அவருக்குப் போகவும் மனமில்லை.

“சரி, நிறுத்திடு,” என்றான் இளையவன். “எட்டு கிலோ குறைஞ்சாச்சு, போதும். நிறுத்திட்டு அந்தத் தொண்ணூத்தாறுலயே நில்லு. நாம அதையே வச்சுக்கலாம்.”

“நானும் அதைத்தான் நினைச்சிருக்கேன். பெட்டியில இன்னும் கொஞ்சம் இருக்கு. அது தீர்ந்ததும் முடிச்சுடறேன்.”

“டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணி?” என்றாள் ஓட்டுநர். “இது காய்ச்சல் மாத்திரை மாதிரியா, சரியானதும் விட்டுடலாமா? இல்ல உங்க தம்பி மாதிரியா, ஒருதடவை கட்டிக்கிட்டா ஆயுசுக்குமா?”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது அவளுக்கு வரி வரியாக நினைவிருந்தது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் பசி பழையபடி திரும்பும், எடையும் பின்னாலேயே வரும். ஒத்துக்கொள்கிறவரை தொடர்வதுதான் நல்லது. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு அளவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம், முடியாமலும் போகலாம். நிறுத்துவதானாலும் தன்னிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இத்தனையும் கேட்டுவிட்டு மூத்தவள் அன்று கேட்ட ஒரே கேள்வி, “தேதி சொல்லுங்க டாக்டர்.” டாக்டரம்மா தேதி சொல்லவில்லை. எந்தத் தராசானாலும் என்றைக்குத் தயாராகும் என்று நாளைக் குறித்துக் கொடுத்துப் பழகினவளுக்கு அது அவமானமாக இருந்தது.

“ஆயுசுக்கும் இருக்கலாம்னாங்க,” என்றாள் கடைசியில். “அதுதான் முடியாதுங்கறேன். நம்ம அப்பா கடைசிவரைக்கும் ஒருத்தர் கையைப் பிடிச்சு நடக்கல. நான் ஒரு பேனா ஊசியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணுமா? வாரா வாரம்? கிழவியாகறவரைக்கும்?”

“கிழவியாகறவரைக்கும்னா ரொம்ப நாள் இல்லையே அக்கா,” என்றான் இளையவன்.

“அடிப்பேன்.”

“இல்ல, நான் கேக்கறேன். இந்த இரும்புக் கல்லையே வருஷா வருஷம் அனுப்பிச் சோதிச்சு வாங்கறோம். ஒருதடவை முத்திரை போட்டுட்டா போதும்னா விடறோம்? வாடிக்கைக்காரங்க ஏன் மறுபடியும்னு கேட்டா நீதானே நிறுத்தி வச்சுத் திட்டற?”

“இப்பதானேடா நிறுத்துன்னே?”

“சொன்னேன். இப்ப யோசிக்கறேன். யோசிக்கக் கூடாதா? எனக்கு ரெண்டும் தோணுது. நீ இளைச்சா வீடு காலியான மாதிரி இருக்கு. ஆனா போன வாரம் நீ வண்டியில என் கையைப் பிடிக்காம ஏறினே. நான் கையை நீட்டிக்கிட்டு அப்படியே நின்னேன், முட்டாள் மாதிரி.”

மூத்தவள் ஒரு இரும்புக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்லத் தொடங்கியாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் அதுவும் ஒரு கள்ளத் தராசு என்று தோன்றியது.

“ஒருதடவை நிறுத்திப் பாத்தேன்,” என்றாள். “யாருக்கும் தெரியாது. டாக்டர் இடைவெளி விடச் சொன்னாங்கன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன். ஒரு மாசம். ரெண்டு வாரம் சமாளிச்சேன். அப்புறம் பசி வந்துச்சு. பசின்னு கூட சொல்ல முடியாது. வயிறு நிறைஞ்சுதான் இருக்கும், ஆனா யாரோ உள்ளேருந்து பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி. முழு ரொட்டியை நின்னுக்கிட்டே தின்னேன். நான் சின்ன வயசுலேருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது. எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும், நமக்குத்தான் வாயைக் கட்டத் தெரியலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஊசி போட்ட முதல் மாசம்தான் உள்ள சத்தமே இல்லாம இருந்துச்சு.” சற்று நிறுத்தி, “அந்தப் பேக்கரிக்காரியை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள்.



“ரொட்டி எனக்குத் தெரியும்,” என்றார் தையற்காரர்.

“என்ன தெரியும்?”

“எலி தின்னுடுச்சுன்னு சொன்னே. நான் எலிப்பொறி வாங்கிட்டு வந்து அலமாரியில வச்சேன்ல?”

“ஆமா, வச்சீங்க. எலிதான் மாட்டல.”

“நம்ம வீட்டுல ஏது எலி? எலி அதைப் பாக்கட்டும்னுதான் வச்சேன். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அதுக்குத் தெரியணும்ல?”

ஓட்டுநர் முதலில் சிரித்தாள். அப்புறம் கிடங்குக்காரர். மூத்தவள் முறைக்கப் பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை. “இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்தீங்களே!”

“இன்னும் ஒண்ணு இருக்கு, திறக்காதது,” என்றார் அவர். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். வாயில் எப்போதும் குண்டூசி இருந்து பழகியவர். இப்போது சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த குண்டூசி ஒன்றை எடுத்து மறுபடி அதே இடத்தில் குத்தினார். “நீ தூங்கறப்ப மூச்சு நின்னுடும், கல்லு. கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. அப்புறம் திடுக்குனு இழுப்பே. உனக்குத் தெரியாது, நீ தூங்கிக்கிட்டிருப்பே. அது வர்ற வரைக்கும் நான் முழிச்சுக்கிட்டிருப்பேன். வருஷக்கணக்கா அப்படித்தான். பகல்ல மிஷின் மேல தலையைச் சாய்ச்சுத் தூங்குவேன், நீ சோம்பேறின்னு திட்டுவே.”

மூத்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊசி போட ஆரம்பிச்சு சில மாசத்துல மூச்சு நிக்கறது குறைஞ்சு போச்சு. நான் தூங்க ஆரம்பிச்சேன். நீ நிறுத்தினே பாரு, அந்த மாசக் கடைசியில மறுபடி வந்துச்சு. மறுபடி நான் முழிச்சுக் கிடந்தேன். நீ எவ்வளவு நாள் போட்டுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், உடம்பு உன்னுது. ஒத்துக்கலன்னா விட்டுடு. எடை எவ்வளவுன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல, நூத்திநாலைப் பாத்துத்தான் நான் கட்டிக்கிட்டேன்னு வச்சுக்கோ. ஆனா நான் தூங்கறேன். அதையும் தராசுல போட்டுப் பாரு.”

அவர் சொல்லிவிட்டு மறுபடி கதவோரம் போய் நின்றுகொண்டார், ஏதோ பட்டனுக்கு விலை சொன்னதுபோல.

மூத்தவளுக்குத் தன் முழங்கால் தெரியும், சர்க்கரை தெரியும், தன் மானம் நன்றாகத் தெரியும். இத்தனை மாதம் இந்த மூன்றையும்தான் மாற்றி மாற்றி எடை போட்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் தன் மூச்சுக்குக் காவல் இருந்தது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சோம்பேறி என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கி, நினைக்காமல் விட்டாள். இங்கே எல்லார் முன்னாலும் அழுவதில்லை என்பது அவள் கொள்கை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு ஓரத்தில் நெடுநேரம் துடைத்தாள்.

“நிறுத்தல,” என்றாள்.

“எவ்வளவு நாளைக்கு?” என்றான் இளையவன்.

“தெரியாது.”

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து இளையவன் கேட்டதே இல்லை. அவளுக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை.

“ஒத்துக்கிற வரைக்கும் போட்டுக்கறேன். டாக்டரம்மா கூப்பிடறப்ப போய்க் காட்டறேன். எடை நின்ன பிறகு அளவைக் குறைச்சுப் பாக்கலாம்னு அவங்க சொன்னா பாக்கறேன், அப்ப மூச்சு எப்படி இருக்குன்னு இவர் சொல்லட்டும். ஒளிச்சு நிறுத்த மாட்டேன். தேதி எதுவும் சொல்ல மாட்டேன், யாரும் கேக்காதீங்க.”

“அப்ப பால் பாத்திரத்துக்குப் பின்னாலேருந்து முன்னால வருமா?” என்றார் தையற்காரர்.

“முன்னால வரும்.”

“கோட்டு?”

“பிடிங்க.”

அவர் அந்த இடத்திலேயே அவளை எழுந்து நிற்கச் சொல்லி, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். கிடங்குக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “உள்தையல்ல எவ்வளவு விடட்டும்?” என்று கேட்டார் தையற்காரர். பின்னால் பிரித்துப் பெரிதாக்க வேண்டி வந்தால் துணி வேண்டுமே, அதற்காக. மூத்தவள் யோசித்தாள். ஒன்றும் விடவேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அது பழைய நாக்கு.

“ரெண்டு விரல் விடுங்க,” என்றாள்.

சாயங்காலமே எல்லோரும் கிடங்குக்குப் போனார்கள். ஓட்டுநர்தான் வண்டியை ஓட்டினாள்; நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று பழகிய கை, வழியில் பேருந்து நிறுத்தங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தது, இளையவன் ஒவ்வொரு முறையும் “ஏறறவங்க ஏறுங்க” என்று கத்தினான். கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே இளையவன் ஒவ்வொரு இரும்புக் கல்லாக இறக்கினான். ஒன்றைக்கூட விடவில்லை. பாதியில் தையற்காரரும் கை கொடுத்தார். மூத்தவள் எடை காட்டும் திரையின் பக்கத்தில் நின்று எண்களைச் சரிபார்த்தாள். நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, நடுவில் வைத்துப் பார்த்து, தராசைத் திருப்பி அதன் நேர் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவள் தன் கையால் முத்திரை வைத்தாள்.

இளையவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தான். “அக்கா, நீ இளைச்சதுல மெலிஞ்சு போறது நான்தான்.”

“நல்லதுதானே. உனக்கு ஊசி தேவைப்படாது.”

கிடங்குக்காரருக்குக் குறும்பு தோன்றிவிட்டது. “தராசுக்காரம்மா, ஒரு மரியாதைக்காவது ஏறி நில்லுங்களேன். நீங்க ஏறாம தராசு திறந்த மாதிரியே இல்ல.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு அவரை நாற்காலி இல்லாமலேயே அளந்தாள்.

“இனிமே நான் கல்லு இல்லங்க, சரக்கு. சரக்கு ஏறும், இறங்கும். அதை வச்சு யாரும் தராசு திருப்பக் கூடாது.”

வண்டியில் ஏறும்போது இளையவன் பழக்கத்தில் கையை நீட்டினான். அவளுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள். அவனும் தேவையில்லாமலேயே கொஞ்சம் இழுத்துவிட்டான்.

இப்போது கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. தராசு கெட்டுப் பட்டறையின் பெயரும் கெட்டதால் எடைக்கல் அக்கா ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்றும், பழைய எடைக்குத் திரும்பத் தினமும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள் என்றும், அதற்குக் குடும்பமே கட்டாயப்படுத்தியது என்றும். அது பொய். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊசி நிற்கவில்லை. போன வாரமும் போட்டுக்கொண்டாள்.